பூஜ்யத்தில் நின்ற முள்

"பூஜ்யம்."

தீக்காயப் பிரிவில் நான்கு நாட்களாகக் கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு இதுவரை நினைவு திரும்பியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடியும் மயங்கிப்போனாள் என்றார் அவள் கணவர். வார்டுக்கு வெளியே ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

"என் பேரைச் சொல்லல. பிள்ளைங்களைக் கேக்கல. பூஜ்யம், பூஜ்யம்னுதான் முனகினா. இன்னைக்கு மூணு மணிக்கு அந்த ஆபரேட்டரைக் கைது பண்ணப் போறாங்களாம். அவர்தான் என் பொண்டாட்டியை இந்த கதிக்கு ஆளாக்கினார்னா நல்லா உள்ள வைக்கட்டும். ஆனா வீட்ல அவ அவரைப் பத்தி ஒரு நாள்கூட குறையாப் பேசினதில்லை மேடம். அதான் மனசு கேக்கல."

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து.

"முதல்ல ஏதாவது சாப்பிடுங்க. அந்தப் பூஜ்யம் எங்க இருக்குன்னு நான் பார்த்துட்டு வர்றேன்."

அண்ணி என் அண்ணன் மனைவி. இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவியவர். 'இந்த விபத்தை இவ்வளவு ஆழமாப் பார்க்க வேண்டாம்' என்று மேலதிகாரி ஒருவர் சொன்ன அன்றே வேலையை உதறிவிட்டு, வீட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். நான் அவருடைய கொழுந்தன், உதவியாளன். கார் ஓட்டுவது, ஃபைல் தூக்குவது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டில் நான் கெட்டிக்காரன்.

"கொலைகாரங்களைப் பிடிச்சோம், திருடங்களைப் பிடிச்சோம். இப்ப குக்கரைப் பிடிக்கப் போறோமா அண்ணி?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க தம்பி."

பட்டாணியையும் சோளத்தையும் டின்னில் அடைக்கிற தொழிற்சாலை அது. மூடிய டின்களை ஆவியில் வேகவைக்க, படுக்கவைத்த நான்கு இரும்புக் கலன்கள். ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு இருக்கும். அங்கே எல்லோரும் அவற்றைக் குக்கர் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக் குக்கரை ஆவி அடங்காமல் திறந்தால் மூடி கூரையில் போய் இடிக்கும். இந்தக் குக்கரின் மூடியோ ஆள் உயரக் கதவு. நான்கு நாட்களுக்கு முன் மூன்றாம் நம்பர் குக்கரின் கதவு ஆவியோடு திறந்துகொண்டது. எதிரில் நின்ற சூப்பர்வைசர் பெண்தான் அந்த வார்டில் கிடப்பவள்.

அங்கே ஒரே ஷிஃப்ட்தான். அதன் ஆபரேட்டரை எல்லோரும் சொட்டு என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். குக்கரின் அடியில் இருக்கும் சின்னப் பித்தளைக் குழாயைத் திருகி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தொடுவார். சொட்டினால் உள்ளே அழுத்தம் இல்லை. சீறினால் இருக்கிறது. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

*

அலுவலக அறையில் இன்ஸ்பெக்டரும், செயல்முறை அதிகாரியும் காத்திருந்தார்கள்.

செயல்முறை அதிகாரிக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டியல் சார். அவர் வந்த பிறகு அந்தக் கட்டடத்தில் பட்டியல் ஒட்டாத சுவர் இல்லை. கழிவறைக் கதவில்கூட ஒன்பது படிகளுடன் ஒன்று இருந்தது.

"ஆறாவது படியை நான் இந்த வயசு வரைக்கும் செஞ்சதே இல்லை அண்ணி" என்று நான் காதோடு சொன்னேன். அண்ணி பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

பட்டியல் சார் ஓர் அட்டையை மேஜைமேல் வைத்தார். குக்கரை மூடுவதிலிருந்து திறப்பதுவரை முப்பத்தொரு படிகள், முப்பத்தொரு கட்டங்கள். அடியில் சொட்டுவின் கையெழுத்து.

"இருபத்தெட்டாவது படி, அழுத்தம் காட்டுற கேஜ்ல முள் பூஜ்யத்துக்கு வந்ததான்னு பார்க்கணும். இருபத்தொன்பது, கதவைத் திறக்கணும். அவர் முள்ளைப் பார்க்காமலே திறந்திருக்கார். அவர் எப்பவுமே இந்த கார்டை மதிச்சதில்லை. பாருங்க, பதினோரு மெமோ குடுத்திருக்கேன்."

மெமோக் கட்டை நீட்டினார். 'மூன்றாம் நம்பர் குக்கர். நான்கு நிமிடத் தாமதம். காரணம்: அட்டையில் இல்லாத செயல்.' எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் நான் மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன். அண்ணி பதினொன்றையும் படித்தார்.

"அட்டையில இல்லாத செயல்னா, சொட்டுப் பார்க்கிறதா?"

"ஆமா மேடம். கேஜ் எதுக்கு இருக்கு? ஒருத்தர் குனிஞ்சு தண்ணி சொட்டுதான்னு பார்த்துட்டு இருந்தா அது தொழிற்சாலையா, வீட்டுக் கொல்லையா? ஆளுக்கு ஆள் ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டா பாதுகாப்பே இருக்காது. அதனாலதான் எழுத்துல கொண்டுவந்தேன்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணியும் தலையசைத்தார். பிறகு, "அவரோட பழைய கார்டுங்க இருக்கா?" என்றார்.

வந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்தொரு டிக்கும் ஒரே வீச்சில், சாய்ந்த மழை போல மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. விபத்து நடந்த அன்றைய அட்டையில் மட்டும் ஒவ்வொரு டிக்கும் கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் மணி, நிமிடம். டிக் கறுப்பு மை, கையெழுத்து நீல மை.

"இத்தனை கார்டுல மழையா பெஞ்ச கை, அன்னைக்கு மட்டும் கோலம் போட்டிருக்கே?" என்றார் அண்ணி.

"விபத்துக்கு அப்புறம் பயந்துபோய் உட்கார்ந்து நிரப்பியிருக்கலாம்" என்றார் பட்டியல் சார் உடனே.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார். உள்ளே சாசர் அளவில் வட்ட முகம், கறுப்பு முள், ஆபத்து எல்லையைக் காட்டும் பளிச்சென்ற சிவப்புக் கோடு. "மூணாம் நம்பரோட கேஜ். ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தாச்சு. இம்மி பிசகல. உள்ள ஆவி இருந்தா இந்த முள் பூஜ்யத்துல நிக்கவே நிக்காது. அந்தம்மா பூஜ்யம்னு சொன்னதுக்கு அர்த்தம், 'பூஜ்யம் வரல, திறக்காதே'ங்கறதுதான். கத்தறதுக்குள்ள திறந்துட்டான். கேஸ் அவ்வளவுதான் மேடம். மூணு மணிக்கு வண்டி வருது."

அவர் சொன்னது நன்றாகப் பொருந்தியது. அண்ணி அந்தப் பையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

*

சொட்டுவை கேட் காவலாளி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க கண்ணு தப்பிச்சிருச்சா?"

"ஒரு கண்ணு சந்தேகம்னு சொல்றாங்க. கதவு திறந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர்ல மேடம். புதுக் கையுறை வாங்கிட்டு வரச் சொல்லி பட்டியல் சார்தான் அனுப்பினார். ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்துக்கிட்டு நின்னேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்."

"உங்களை அங்க யாரும் பார்க்கல."

"இல்லை."

"கார்டுல உங்க கையெழுத்து இருக்கே?"

அவர் தலை கவிழ்ந்தார். "ஷிஃப்ட் ஆரம்பத்துலயே எட்டு கார்டுலயும் கையெழுத்துப் போட்டு வெச்சிருவேன். சாயங்காலம் மொத்தமா டிக் அடிச்சிக்குவேன். எல்லாருக்கும் தெரியும்."

"நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்றேன் நான். "வெறும் காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்கும் கழுத்தை நீட்டறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை சார்."

அவர் என் பேச்சைக் கவனிக்கவே இல்லை. "ரெண்டு கண்ணும் போகலதானே?" என்றார் மறுபடி.

*

இரண்டு மணி ஐந்து நிமிடம். வேலைக் கூடத்து வாசலில் எங்களுக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். என் தலையில் மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று காவலாளியிடம் வாதாடிப் பார்த்தேன்.

"விதி முடியைப் பத்தினது இல்லை சார், தலையைப் பத்தினது" என்றார் அவர். பக்கத்துச் சுவரில் அதற்கும் ஒரு பட்டியல். போட்டுக்கொண்டேன்.

உள்ளே சத்தம் காதை அடைத்தது. ஒரே வரிசையில் நான்கு குக்கர்கள், ஒவ்வொன்றின் முன்னும் தரையில் அரைவட்டமாக மஞ்சள் கோடு. முதல் குக்கர் மாடிப்படிக்கு அடியில், குழல் விளக்கு மட்டும் எரியும் இருட்டு மூலையில். மூன்றாம் நம்பருக்கு நேர் எதிரே பெரிய மேற்கு ஜன்னல். அந்தக் குக்கரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கேஜ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இன்ஸ்பெக்டரும் பட்டியல் சாரும் கூடவே வந்தார்கள்.

அண்ணி ஓட்டையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே ஆணி அடித்திருந்த எச்சரிக்கைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்த எழுத்து என்ன நிறம்?"

"ரோஸ். அதுவும் வயசான ரோஸ்."

அண்ணி தகட்டின் ஓரத்தில், ஒரு குழாயின் நிழல் எப்போதும் விழும் இடத்தை விரலால் துடைத்துக் காட்டினார். அங்கே மட்டும் எழுத்து ரத்தச் சிவப்பாக இருந்தது.

"தினமும் சாயங்கால வெயில் நேரா இங்கதான் அடிக்குது. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. இதுக்கு ஒரு சாண் மேலதான் கேஜ் இருந்திருக்கு. பையில நாம பார்த்த கேஜ்ல கோடு எப்படி இருந்துச்சு?"

"புது லிப்ஸ்டிக் மாதிரி."

"தகடு வெயில்ல காஞ்சிருக்கு. கேஜ் மட்டும் குடை பிடிச்சுக்கிட்டு இருந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் அவசரமாகப் பையை எடுத்துப் பார்த்தார். "அப்ப இது மூணாம் நம்பரோட கேஜ் இல்லைங்கறீங்களா?"

"இல்லவே இல்லை. யாரோ மாத்தியிருக்காங்க. அப்படின்னா மூணாம் நம்பரோடது எங்க போச்சு?"

அண்ணி நடக்க ஆரம்பித்தார். நடை இரண்டாவது அடியிலேயே ஓட்டமாகியது. நான்காம் நம்பர்: கோடு சிவப்பு. இரண்டாம் நம்பர்: சிவப்பு. மாடிப்படிக்கு அடியில், வெயில் என்பதையே பார்த்திராத அந்த இருட்டு மூலையில், முதலாம் நம்பரின் கேஜில் கோடு வெளிறிப்போன ரோஸ்.

முதலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மணி அடித்தது. வெந்து முடிந்ததற்கான மணி.

சொட்டுவின் இடத்தில் இப்போது ஒரு பெண் ஆபரேட்டர். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் பேனா. ஆவியை வெளியேற்றும் வால்வைத் திறந்தாள், டிக். ஆவி 'உஸ்ஸ்' என்று மேலே போய் அடங்கியது. டிக். கேஜின் முள் மெல்ல இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. டிக்.

"திறக்காதீங்க!" என்று அண்ணி கத்தினார். "அந்த முள் பொய் சொல்லுது!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாரு நீங்க?"

"உள்ள இன்னும் ஆவி இருக்கு. சொன்னாக் கேளுங்க."

"முள் பூஜ்யத்துல இருக்கு மேடம். இருபத்தெட்டு முடிஞ்சுது. ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருபத்தொன்பது செய்யணும். இல்லன்னா தாமதம்னு எழுதுவாங்க. எனக்கு ஏற்கெனவே ரெண்டு தாமதம். நான் பர்மனென்ட் இல்லை, மூணாவது வந்தா வேலையே போயிடும்." அவள் கை கதவுத் திருகை நோக்கி நீண்டது. "வெளியாள் சொல்றதைக் கேட்டு நிறுத்தணும்னு கார்டுல இல்லை."

இன்ஸ்பெக்டர் விசிலை எடுத்தார். இந்த இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? அண்ணி பட்டியல் சாரைத் தேடித் திரும்பினார். நானும் திரும்பினேன். ஸ்டாப்வாட்சோடு எப்போதும் குக்கர் பக்கத்திலேயே நிற்பவர் என்று பெயர் எடுத்த மனிதர், நாற்பது அடி தள்ளி, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

கண்ணாடி முதல் திருகைத் தளர்த்தினாள். இன்னும் மூன்று.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. வீரம் என்று சொன்னால் அண்ணன் சிரிப்பான். என் கை தலைக்குப் போனது. தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மொட்டைத் தலையோடு அந்தக் கதவுக்கு எதிரிலேயே நின்றேன்.

"சார்! வெளிய போங்க! தொப்பி இல்லாத தலை கோட்டுக்குள்ள இருந்தா திறக்கக் கூடாது! விதி இருக்கு!"

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"வெளிய போங்க சார், ப்ளீஸ்!"

"போகமாட்டேன். எழுதிக்கோ, ஒரு மொட்டையன் வந்து நின்னு வேலையைக் கெடுத்தான்னு எழுதிக்கோ. உன் தாமதம் என் கணக்குல போகட்டும்."

அவள் கை திருகிலேயே நின்றது. பிறகு விலகியது. தளர்ந்த அந்த ஒரு திருகின் இடுக்கிலிருந்து நூல் போல ஒரு ஆவி வந்து என் கன்னத்தைத் தொட்டது. முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம்.

*

சொட்டுவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தளர்ந்த திருகை இறுக்கினார். குக்கரின் பக்கவாட்டில் மண்டியிட்டு, முகத்தை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு, அடியில் இருந்த பித்தளைக் குழாயைக் கால் சுற்றுத் திருகினார்.

சொட்டவில்லை. ஒரு வெள்ளைக் கோடு கிறீச்சிட்டுக்கொண்டு தரையைப் போய் அடித்தது. கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. கண்ணாடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். கேஜைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

அந்தச் சீறல் சொட்டாக மாற நான்கு நிமிடம் ஆனது.

பட்டியல் சார் தூணை விட்டு நகரவில்லை. அண்ணிதான் அவரிடம் போனார்.

"அன்னைக்கு சொட்டுவை ஸ்டோருக்கு அனுப்பினது நீங்க. சொட்டுப் பார்க்காமலே வேலை நடக்கும்னு நிரூபிக்கணும். சூப்பர்வைசரை கார்டுபடி ஒவ்வொரு படியா செய்யச் சொல்லிட்டு நீங்க ஸ்டாப்வாட்ச் பிடிச்சீங்க. அந்த அழகான டிக் எல்லாம் அவங்க கை. சரியா?"

"நாங்க எதையுமே தவறவிடல மேடம்." அவர் ஸ்டாப்வாட்சை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒரு படிகூட விடல. முள் பூஜ்யத்துல இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். அவங்களும் பார்த்தாங்க. பூஜ்யம்னு சத்தமா சொல்லிட்டுத்தான் திறந்தாங்க."

"அதுவரைக்கும் அது விபத்து. உங்களை யாரும் தூக்குல போட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு அப்புறம், உங்க கார்டு தோத்ததை மறைக்க, ஸ்பேனரை எடுத்து ரெண்டு கேஜையும் மாத்தினீங்களே, அது எத்தனாவது படி?"

அவர் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.

"முதலாம் நம்பர் ஓடும்னு தெரியும்ல?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் பழைய அலட்சியம் இல்லை.

"சுத்தம் செய்யணும்னு போர்டு மாட்டி நிறுத்தி வெச்சிருந்தேன் சார். சத்தியமா. புது கேஜ் வாங்கி மாட்டிடலாம்னுதான் இருந்தேன். ஸ்டோர்ல மூணு பேர் கையெழுத்து இல்லாம பொருள் குடுக்க மாட்டாங்க. காரணம் எழுதணும். அந்த விதியும் நான்தான் போட்டேன். காலையில முதலாளி வந்து ஆர்டர் அவசரம்னு போர்டைக் கழட்டச் சொல்லிட்டார். எப்படி வேண்டாம்னு சொல்றது? என்ன காரணம் சொல்றது?"

"இந்தப் பொண்ணு செத்துப் போயிடும்ங்கற காரணத்தைச் சொல்லியிருக்கலாம்" என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் சிரிக்காமல் பேசிய வாக்கியங்கள் குறைவு. அது ஒன்று.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. பட்டியல் சார் ஏறிப் போனார்.

*

செய்தி கேட்டு அந்தக் கணவர் ஸ்கூட்டரில் வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். நாங்கள் சொட்டுவோடு முற்றத்தைக் கடந்து நடந்தோம். நாளை காலை வந்து வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். இரண்டு தொழிலாளர்கள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நான் மூன்றாவதாகக் குலுக்கப் போனேன்.

"இருங்க தம்பி" என்றார் அண்ணி.

முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"உங்களுக்குப் பதினோரு மெமோ வந்திருக்கு. பதினொண்ணும் மூணாம் நம்பர். மத்த மூணு குக்கர்ல ஒரு நாள்கூட தாமதம் இல்லை. அங்க எல்லாம் நீங்க கார்டுபடி முள்ளைப் பார்த்துட்டுத் திறந்திருக்கீங்க. மூணாம் நம்பர்ல மட்டும் குனிஞ்சு உட்கார்ந்து நாலு நிமிஷம் சொட்டுப் பார்த்திருக்கீங்க."

சொட்டு வேலைக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முதல் மெமோ ஆறு மாசத்துக்கு முன்னாடி. ஆவி இருக்கறப்பவே அந்த முள் பூஜ்யத்துக்கு இறங்கிடுதுன்னு உங்களுக்கு ஆறு மாசமாத் தெரியும்."

வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கையால் மறைக்கவில்லை.

"பழுதுப் புத்தகத்துல ஏன் எழுதல?"

"எழுதினா யாரு மேடம் படிக்கறாங்க..." என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். "இல்லை. அது பொய். எழுதியிருந்தா மாத்தியிருப்பாங்க. கார்டு வந்தப்புறம் யார் வேணும்னாலும் ஆபரேட்டர் ஆகலாம்னு சொன்னாங்க. மூணாம் நம்பர் என் கைக்கு மட்டும்தான் அடங்கும்னு இருந்தா என்னை அனுப்ப மாட்டாங்கன்னு நினைச்சேன். அது என் பிடின்னு வெச்சிருந்தேன். வேற யாரும் அதைத் திறக்க நான் விட்டதே இல்லை. அன்னைக்கு ஸ்டோருக்குப் போகச் சொன்னப்போகூட, நான் வந்துதான் திறப்பாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். நிரபராதி என்று இரண்டு மணி நேரமாக ஓடி ஓடி நிரூபித்த மனிதர்.

"சட்டத்துல இதுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல" என்றார் அண்ணி. "இன்ஸ்பெக்டர்கிட்ட நாளைக்கு நீங்களே சொல்லுங்க. ஆனா அதோ நிக்கறார் பாருங்க, அவர்தான் என் கட்சிக்காரர். எனக்கு வேலை குடுத்தது அவர். உண்மையைக் கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொட்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

அவரைக் கண்டதும் அந்தக் கணவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்கண்ணே. உங்களைத்தான் நாலு நாளா மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். அவ தப்பும் இல்லை, உங்க தப்பும் இல்லைன்னு இப்பதான் போன்ல சொன்னாங்க."

"அவங்க தப்பு இல்லை தம்பி" என்றார் சொட்டு. "கையை விடுங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். சொன்னது எல்லாமே கேட்டது. சுற்றி வளைக்காமல், சமாதானம் சேர்க்காமல், எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கணவரின் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்ததைப் பார்த்தேன். அடித்துவிடுவார் என்று பயந்து நான் ஓரடி முன்னால் வைத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் கணவர். "தினமும் உங்க கூடத்தானே வேலை பார்த்தா. ஒரே ஒரு வார்த்தை..."

சொட்டு தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா, அவருக்கே தெரிந்திருக்காது.

கணவர் திரும்பிப் போய் ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்குக் கிளம்பியது. ஆனால் போகவில்லை. காலை ஊன்றிக்கொண்டு முன்னாலேயே பார்த்தபடி சொன்னார்:

"ஏறுங்க."

"எங்க தம்பி?"

"ஆஸ்பத்திரிக்கு. அடுத்த தடவை அவ கண்ணு முழிக்கறப்போ நீங்க அங்க இருக்கணும். இதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, உட்கார்ந்திருந்து நீங்களே சொல்லுங்க."

சொட்டு ஏறிக்கொண்டார். ஸ்கூட்டர் மேட்டில் குலுங்கியபோது அவர் கை முன்னால் இருந்தவரின் தோளை நோக்கிப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.